எல்லையில் மறித்ததால் தப்பினோம்

கொரோனாக் காலத்தில் என் அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து டென்மார்க்கில் எஸ்பியர்க்குக்கு எங்களைப் பார்க்க வந்திருந்தார். விமானங்கள் நின்றுவிட்டன. அவருடைய விசாவும் முடிய இருந்தது.

"ஜெர்மனிக்குள்ள போட்டுத் திரும்பி வாங்கோ, புதுசா முத்திரை குத்துவாங்கள்" என்றார் தாய்லாந்தில் வேலை செய்து வந்த ஒரு நண்பர். அங்கே அப்படி எல்லை தாண்டித் திரும்பினால் தங்கும் நாள் கூடுமாம். மலிவாகச் சாமான் வாங்க மாதாமாதம் போகிற எல்லைதானே என்று நானும் வேறு யாரிடமும் விசாரிக்காமல் காரை எடுத்தேன்.

ஜெர்மன் பொலிஸ்காரர் அக்காவின் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, விட முடியாது என்றார். கெஞ்சினேன். அவர் திரும்பும் வழியைக் கையால் காட்டினார்.

டெனிஷ் பக்கத்தில் நின்ற பொலிஸ் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். "இரண்டு நாட்டுக்கும் ஒரே விசாதான், முத்திரையால் பயனில்லை. அவர்கள் உள்ளே விட்டிருந்தால், நான் இவரைத் திரும்ப எடுத்திருக்க முடியாது. இப்போது இங்கே வசிப்பவர்களுக்குத்தான் அனுமதி" என்றார்.

"என்னவாம் தம்பி?" என்று அக்கா கேட்டார். சொன்னேன்.

"அப்ப என்னை ரோட்டிலை விட்டிட்டு நீ வீட்டை போயிருப்பாய்!" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, பயமும் வரவில்லை. காரை ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் குடிவரவு அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். விமானம் இல்லாதவர்களுக்கு இங்கிருந்தே விசாவை நீட்டிக் கொடுக்கிறார்களாம். அக்காவுக்கும் கிடைத்தது.

இப்போது விசா விடயம் என்றால் முதலில் அங்கேதான் கேட்கிறேன். ஊரிலிருந்து வந்து நிற்பவர்களை ஜெர்மனிக்குச் சாமான் வாங்கக் கூட்டிப்போவதும் இல்லை. கோபித்தாலும் பரவாயில்லை, வீட்டில் இருக்கட்டும்.