மார்க்கரின் புள்ளிகள்

கண்டியில் பில்லியர்ட்ஸ் ஆடிவிட்டு வந்த மகன் ஒரு படிவத்தை மேசையில் வைத்தான். பில்லியர்ட்ஸ் சங்கத்தின் புகழ் மண்டபத்தில் சேர்க்கத் தகுதியான ஆட்டக்காரரின் பெயரைக் கேட்டிருந்தார்கள். தாளின் ஓரத்தில் அவன் விரலிலிருந்த, ஆட்டக்கோல் நுனியில் தேய்க்கும் நீலச் சோக் தூள் ஒட்டியிருந்தது.

அந்த நீலம் என் அப்பாவின் கட்டைவிரல் நகத்தில் எப்போதும் இருந்தது. புசல்லாவையில் தேயிலைத் தோட்டத் துரைமார் கிளப்பில் அவர் மார்க்கர். பில்லியர்ட்ஸ் மேசைத் துணியை நீவி இஸ்திரி போடுவதும், ஆட்டத்தில் புள்ளி சொல்வதும் அவர் வேலை. துணையில்லாமல் வரும் துரைக்கு அவரே எதிராளி. மத்தியானச் சோறு கொண்டுபோகும் நான் சன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பேன். துரை பந்தைக் குழியில் போட்டால் அப்பா உரக்கச் சொல்லிப் புள்ளிப் பலகையில் முள்ளை நகர்த்துவார். தான் போட்டால் வாயே திறக்க மாட்டார். அவர் பக்கத்து முள் பூச்சியத்திலேயே நிற்கும்.

"ஏன்ப்பா ஒங்க புள்ளியப் போடல?"

"மார்க்கருக்குப் புள்ளி போடுற வழக்கம் இல்ல புள்ள. சோத்த வச்சிட்டுப் போ."

நான் போகவில்லை. அவர் எடுத்த ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டேன். கிளப் கிண்ணம் வென்ற துரைமார் ஆறு பேரும் அந்தச் சுவரில் தோற்றவர்கள்தான்.

படிவத்தில் அப்பா பெயரை எழுதப்போகிறேன் என்றதும், "தாத்தா பேரு ஜெயிச்சவங்க பலகை எதுலயும் இல்லையேம்மா" என்றான் மகன்.

அப்பாவின் பெயரை எழுதினேன். 'வென்ற கிண்ணங்கள்' என்ற கட்டத்தில், 'கிண்ணம் வென்ற ஆறு பேரை வென்றார்' என்றும், 'சான்று' என்ற கட்டத்தில் என் பெயரையும் எழுதினேன்.

"நம்பலன்னா என்னைய வந்து கேக்கச் சொல்லு."