லைசாண்டர் பீக்கும் இரண்டாவது துள்ளலும்

நடுவர் உங்களைப் பார்த்து, "நீ சொல்வதுதான் தீர்ப்பு" என்று சொன்னால், உங்கள் அணியையே தோற்கடிக்கும் உண்மையை நீங்கள் சொல்வீர்களா? சட்டென்று "சொல்வேன்" என்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

போன மாதம் நம் ஹார்லன் ஃபெரியில் லைசாண்டர் பீக் இறந்துபோனார். ஊர்ச் செய்தித்தாள் அவருக்கு ஒன்றரை வரி கொடுத்தது: முன்பு சவரத் தொழிலாளி, பிறகு படகுத்துறையில் மூட்டை சுமந்தவர். கத்தி பிடித்த கை ஏன் மூட்டைக்குப் போனது என்று அதில் இல்லை. எனக்குத் தெரியும், எழுதுகிறேன்.

உள்நாட்டுப் போர் முடிந்ததும் கறுப்பர் படைப்பிரிவின் நீலச் சட்டையோடு இங்கே வந்து இறங்கியவர் பீக். ஆற்றங்கரைத் தெருவில் மூன்று நாற்காலியோடு கடை போட்டார். அந்த நாற்காலிகளில் வெள்ளையர்கள் மட்டுமே உட்காரலாம். அவருடைய சொந்த அண்ணன் உட்கார்ந்தால்கூட மறுநாள் நாங்கள் யாரும் அந்தப் பக்கம் போகமாட்டோம். எங்கள் கன்னத்தை அவர் தொடலாம், எங்கள் மைதானத்தை மிதிக்கக் கூடாது. இதற்குப் பெயர் ஒழுங்கு என்று தேவாலயத்தில் பிரசங்கமே நடந்தது.

படை முகாமில் அவர் பேஸ்பால் கற்றிருந்தார். சவரக்காரர்களையும் ஓட்டல் பரிமாறுபவர்களையும் சேர்த்து 'ஆலிவ் கிளப்' தொடங்கினார். ஆட இடம்? கசாப்புக் கொட்டடிக்குப் பின்னால், எலும்பும் கல்லும் கிடந்த ஒரு முற்றம். 1868 கோடையில் மைதானக் குழுவிடம் போய், வாரத்தில் ஒரு சாயங்காலம் தரும்படி கேட்டார். குழுவினர் சிரித்தார்கள். "எங்க பசங்கள ஜெயிச்சுக் காட்டுங்க, சனிக்கிழம சாயங்காலம் உங்களுக்கு" என்றார்கள். அப்படி நடக்காது என்று நினைத்துத்தான் சொன்னார்கள்.

எங்கள் அணியில், ஓடுபவர் தொட வேண்டிய முனைகளில் மூன்றாம் பேஸை நான் காத்தேன். பிழைப்புக்குச் சேணம் தைத்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் தொடங்கி ஒரு மணி நேரத்தில் நாங்கள் சிரிப்பதை நிறுத்தியிருந்தோம். அவர்கள் அடித்த பந்தின் பின்னால் எங்கள் தலைவன் பார்னி ஸ்ட்ரவுட் தடுமாறி ஓடியபோது ஆலிவ்காரர் ஒருவர் குரல் கொடுத்தார்: "மிஸ்டர் ஸ்ட்ரவுட், தொரத்துறது பந்தையா, கோழியையா?"

பார்னிக்கு முகம் சிவந்துவிட்டது. என்னிடம் வந்து பல்லைக் கடித்தான். "டேய் ஏசா, இவங்ககிட்ட தோத்தா திங்கக்கிழம எந்த மூஞ்சிய அவன்கிட்ட செரைக்கக் குடுப்ப?"

கடைசிச் சுற்று. நாங்கள் இருபத்தெட்டு ஓட்டம், அவர்கள் இருபத்தேழு. அவர்களில் இருவர் அவுட். இரண்டு பேர் பேஸ்களில் ஓடத் தயாராக நிற்கிறார்கள். மட்டையோடு பீக். நல்ல அடி ஒன்று விழுந்தால் மைதானம் அவர்களுக்கு.

அவர் அடித்த பந்து எல்லைக் கோட்டுக்கு வெளியே, நிறுத்தியிருந்த குதிரை வண்டிகளுக்குப் பின்னால் போனது. அந்தக் காலத்து விதிப்படி, வெளியே போன பந்தை ஒருமுறை தரையில் பட்டுத் துள்ளும்போது பிடித்தாலும் அடித்தவர் அவுட். இரண்டாவது முறை பட்டுவிட்டால் மறுபடி அடிக்கலாம். வண்டியைச் சுற்றி ஓடினேன். பந்து ஒருமுறை பட்டது. இன்னொரு முறையும் பட்டது. அதன் பிறகே என் கைக்கு வந்தது.

கையை உயர்த்திக்கொண்டு வெளியே வந்தேன்.

நடுவராக இருந்த மருத்துவர் ஃபென்விக்குக்கு வண்டிகள் மறைத்திருந்தன. அப்படிப்பட்ட நேரத்தில் ஆட்டக்காரனிடமோ பக்கத்தில் நின்று பார்த்தவர்களிடமோ கேட்பது வழக்கம். வண்டிகளுக்குப் பின்னால் நின்றிருந்தது கறுப்பர் கூட்டம். அவர்களை அங்கேதான் நிற்க வைத்திருந்தோம். இருபது பேர், என்னிடமிருந்து பத்தடி தூரம்.

"ரெண்டு தடவ பட்டுச்சு ஐயா! என் கண்ணு முன்னாடி!" பீக்கின் மனைவி டோர்கஸ் கத்தினார்.

மருத்துவர் திரும்பக்கூட இல்லை. "ஆட்டக்காரரக் கேக்குறேன்மா. ஏசா, உன் வாக்கு என்ன?"

"ஒரு தடவதான்."

இரண்டே சொல். ஆட்டம் முடிந்தது.

தோற்ற அணி பந்தை ஜெயித்தவர்களிடம் கொடுத்து வாழ்த்துவது அன்றைய மரியாதை. பார்னி என்னை முன்னால் தள்ளினான். பீக் வந்து பந்தை என் உள்ளங்கையில் வைத்தார். என் கண்ணைப் பார்த்தார். பிறகு தன் ஆட்களிடம் திரும்பி, "பசங்களா, இவங்களுக்கு மூணு தடவ வாழ்த்துச் சொல்லுங்க" என்றார். சொன்னார்கள். மூன்று தடவையும் நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போகாவிட்டால் சந்தேகம் வருமே என்று திங்கட்கிழமை அவர் கடைக்குப் போனேன். என் கோழைத்தனத்தின் அளவு அது. கழுத்தில் சோப்பு நுரை. வழக்கம்போல ஒரு கீறல் இல்லாமல் மழித்தார். துண்டை உதறிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "மிஸ்டர் ஹெண்ட்ரி, நீங்க போய்ச் சொன்னா குழு கேக்கும். நாங்க சொன்னா கேக்காது. அவ்ளோதான்."

"என்ன சொல்லணும் லைசாண்டர்?" என்றேன்.

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஆலிவ்காரர்கள் கசாப்பு முற்றத்துக்கே திரும்பினார்கள். இரண்டு வருடம் கழித்து அங்கே ஒரு கல்லில் பட்டுத் தெறித்த பந்து பீக்கின் கட்டை விரலை முறித்தது. விரல் கோணலாகக் கூடியது, கத்தி நடுங்கியது. நடுங்கும் கத்திக்கு எவன் கழுத்தை நீட்டுவான்? கடை போயிற்று. மீதி வாழ்நாள் முழுவதும் அவர் படகுத்துறையில் மூட்டை சுமந்தார். நல்ல புல்தரையில் அந்தக் கல் இருந்திருக்காது.

ஒருமுறை பாதிரியாரிடம் இதைச் சொன்னேன். கடவுள் எப்போதோ மன்னித்துவிட்டார் என்று என் தோளைத் தட்டினார். மன்னிக்கக் கடவுள் யார்? ஏமாற்றப்பட்டவர் பீக். இருபத்தைந்து வருடம் அதே தெருவில், மூட்டையோடு எதிரே வந்தார். நான் தொப்பியைச் சரிசெய்வதுபோல முகத்தை மறைத்துக்கொண்டு கடந்தேன். இனி அவரிடம் சொல்ல வழியில்லை. வானத்திடம் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கும் வசதி எனக்கு வேண்டாம். என் பொய் ஒன்றுதான், ஆனால் இருபது சாட்சிகளைக் கேளாத ஊர் அதற்குக் காவல் நின்றது. அந்த ஊரில் நீங்களும் உண்டு.

கறுப்பர் அணிகளுக்கு மைதானத்தில் ஒரு நாள் வேண்டும் என்று டோர்கஸ் பீக் மனுக் கொடுத்திருக்கிறார். வரும் திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு நகர மன்றத்தில் ஓட்டெடுப்பு. இங்கே எழுதியதை அவர் முன்னிலையில் எழுந்து நின்று சொல்லப்போகிறேன். என்னைக் காறித் துப்ப விரும்புகிறவர்களும் வரலாம். துப்பிவிட்டு, தயவுசெய்து உள்ளே வந்து உட்காருங்கள். மனுவைப் படித்து முடித்ததும் கையைத் தூக்குங்கள்.