கொங்கிறீட்டுக்கு முன் ஒரு பிடி சோறு

பேய் பிசாசென்று யாராவது கதைத்தால் எழும்பிப் போகிறவன் நான். ஊரில் சண்டை நேரம் செல்லடிக்குள் பிணங்களைத் தாண்டி நடந்திருக்கிறேன், ஒன்றும் எழும்பி வந்து என்னோடு பேசியதில்லை. இதை நம்பாவிட்டால் விடுங்கள், சொல்லி எனக்கொரு லாபமும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில் ஒரு பழைய கத்தோலிக்கத் தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த வீட்டின் பேஸ்மென்றை, அதுதான் நிலக்கீழ் அறையை, ஆழமாக்கும் வேலை. நானும் சிவமண்ணையும் மண் வெட்டினோம். கொன்ராக்டர் கெவின் ஐரிஷ் வம்சம். சாப்பாட்டு நேரமெல்லாம் தன் பூட்டனார் காலத்துக் கதைதான்: உருளைக்கிழங்கு அழுகி ஊரே பட்டினி கிடந்ததாம், குத்தகை கட்ட முடியாத சனத்தை நிலச்சொந்தக்காரர்கள் ஓட்டைக் கப்பல்களில் அடைத்து இங்கே அனுப்பினார்களாம், வந்து இறங்கியவர்கள் காய்ச்சலில் கொத்துக் கொத்தாகச் செத்து, பாதிரியார் செபம் சொல்லவும் நேரமில்லாமல் இந்தத் தேவாலயத்துக்குப் பின்னால்தான் ஒரே குழியில் போட்டார்களாம். சொல்லும்போது அழுவான். காசு வாங்கி எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரன் லொறிக்குள் அடைத்து அனுப்பிய நானும் சாப்பாட்டை மறந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் சாப்பாட்டுக்குச் சற்று முன் என் மண்வெட்டியில் ஒரு மண்டையோடு தட்டுப்பட்டது. பக்கத்தில் இன்னொன்று, சின்னது. கெவின் எட்டிப் பார்த்தான்.

"மூடு. வெளியே தெரிந்தால் வேலையை நிறுத்திவிடுவார்கள்" என்றான். கொங்கிறீட் லொறி ஏற்கெனவே வாசலில் நின்றது.

"உன்னுடைய சனமல்லவா?" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கத்தினேன். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

சிவமண்ணை என் தோளைப் பிடித்தார். "அடேய், உன்ர அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. வாயைப் பொத்திக்கொண்டு நில்லு."

"தன்ர சனத்தைத் தானே மூடுறான் அண்ணை. நேற்றும் அழுதவனெல்லே?"

"அழுதது சாப்பாட்டு நேரம். இப்ப வேலை நேரம்" என்றுவிட்டு, லொறிக்காரனுக்குக் கை காட்ட மேலே போனார்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. எங்கள் ஆட்களில், செத்தவரின் வாயில் சொந்தக்காரர் அரிசி போடாமல் அனுப்புவதில்லை. இவர்களோ பட்டினியோடு வந்து செத்தவர்கள். அரிசிக்கு எங்கே போக? சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, குழம்பு ஊற்றியிருந்த சோற்றில் ஒரு பிடி எடுத்து அந்தப் பெரிய மண்டையோட்டின் பற்களுக்கிடையில் வைத்தேன். கெவின் சிரித்தான்.

குழிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், மெலிந்த குரல், எங்கள் ஊர்த் தமிழில் தெளிவாகச் சொன்னது: "தம்பி, பிள்ளையளும் ஒண்டும் தின்னேல்லை."

களைப்பில் கேட்டதென்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தமிழில் ஒரு சொல்லும் தெரியாத கெவின் சிரிப்பை நிறுத்தினான். குழியைப் பார்த்து, ஆங்கிலத்தில், மெல்லக் கேட்டான்.

"எத்தனை பிள்ளைகள்?"

பதில் எனக்குக் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டது. தலையைச் சாய்த்து நின்று, உதடு அசைய, விரல் மடக்கி எண்ணினான். ஒரு கை முடிந்து மறு கைக்குப் போனான், பிறகு முதல் கைக்கே திரும்பினான். நான் மிச்சச் சோற்றை அள்ளுவதற்குள் மேலே பார்த்து "ஊற்று!" என்று கத்தினான், நாசமாய்ப் போவான்.

கொங்கிறீட் குழியை நிரப்பிக்கொண்டிருந்தபோதும் அவன் விரல்கள் மடங்குவதை நிறுத்தவில்லை. அந்த விரல்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.