பாட்டிலில் ஏறும் தெம்பு

நாமக்கல்லில் ஒரு கிளினிக்கில் தெம்பை நரம்பு வழியாக ஏற்றுவது என் வேலை. காலையில் எழும்போதே அசதியோடு எழுகிற உங்களையும் என்னையும் நம்பித்தான் இந்தத் தொழில் நடக்கிறது. மருந்தின் பெயர் என்ஏடி. செல்லுக்குள் சக்தி உண்டாக உதவும் துணைநொதி என்று வாசலில் போர்டு இருக்கிறது. கேட்பவர்களிடம் நானும் அதையே ஒப்பிப்பேன்.

லாரிக்காரர் அவசரம்

இந்த மருந்தை மெதுவாகத்தான் விட வேண்டும். வேகமாகப் போனால் குமட்டும், நெஞ்சை அடைக்கும். சங்ககிரி லாரிக்காரர் ஒருவர், நான் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து, குழாயில் சொட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் உருளையைத் தானே முழுக்கத் திறந்துவிட்டார். திரும்பி வந்தால் மனிதர் வேர்த்து விறுவிறுத்து வாளியைத் தேடிக்கொண்டிருந்தார். குழாயை மூடிவிட்டு நன்றாகத் திட்டினேன். கொஞ்சம் தெளிந்ததும் சொன்னார்: "மூணு மணி நேரம் படுத்துக் கெடந்தாத்தான் தெம்பு வரும்னா, நான் ஊட்டுலயே படுத்திருப்பேனுங்களே அம்மிணி."

சரசக்கா

வெண்ணந்தூரில் தறி ஓட்டுகிறவர் சரசக்கா. எங்கள் மாடிப்படி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நின்றார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், ரத்தமே இல்லாமல் வெளுத்துக் கிடந்தது. ரத்தம் பார்த்துவிடலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் தெம்புக்கு வந்தவருக்குத் தெம்பைக் கொடு என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது, ஆனால் ஊசியைத்தான் எடுத்தேன்.

இரண்டாம் முறை வந்தபோது, யாரும் இல்லாத நேரத்தில், அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள் அக்கா என்று காதோடு சொன்னேன். அக்கா கையை நீட்டியபடியே சொன்னார்: "அங்க மாத்திரைதானுங்க குடுப்பாங்க, பாட்டில் ஏத்த மாட்டாங்களே."

மூன்றாம் முறை

மூன்றாம் முறை அக்கா வரவில்லை, அவர் வீட்டுக்காரர் வந்தார். அக்கா தறியடியில் மயங்கி விழுந்தாராம். கர்ப்பப்பையில் புற்றுநோய் முற்றிவிட்டது, கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்: "உங்க பாட்டில் போட்ட ரெண்டு நாளுந்தான் அவ சிரிச்சுப் பேசுனா, இன்னொண்ணு போட்டு உடுங்க சாமி."

ஊருக்கெல்லாம் தெம்பு ஏற்றுகிற எனக்கு, ரத்தம் பாருங்கள் என்று நாலு பேர் முன்னால் உரக்கச் சொல்கிற தெம்பு இன்றுவரை எந்தப் பாட்டிலிலிருந்தும் ஏறவில்லை.