குலுக்கிப் பார்த்த ஜாம் டின்

எட்டு வருஷம் ஜாம் விற்றவன் நான். அந்த எட்டு வருஷத்தில் விரல் நுனி அளவு ஜாமைக்கூட நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை. ஆனால் நல்ல ஜாம் எது, மோசமான ஜாம் எது என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் நின்ற இடத்தில் பிரசங்கம் செய்திருக்கிறேன். இந்த முட்டாள்தனம் ஒருவனுக்குப் போதும். எனக்குப் போதவில்லை. ஜப்பான்காரன் மலாக்காவுக்குள் வந்த வாரம், கடையில் இருந்த டின்கள் அத்தனையிலும் ஒட்டியிருந்த லேபிளை வெந்நீர் ஊற்றி உரித்து, அடுப்பில் போட்டு எரித்தேன். ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டேன். வாழ்க்கையில் அவ்வளவு சுறுசுறுப்பாக நான் வேறெதையும் செய்ததில்லை.

கடை ஜாலான் பெண்டஹாராவில் இருந்தது. முதலாளி ராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம். அவருடைய வாப்பா காலத்திலிருந்தே மளிகை வியாபாரம். அரிசி, பருப்பு, மல்லி, மிளகாய் ஒரு பக்கம். தோட்டத்துத் துரைமாருக்கு வேண்டிய டின் சாமான்கள் மறுபக்கம். அந்த மறுபக்கத்துக்கு நான்தான் ராஜா. ஆனால் ராஜாவுக்கு டின்னைத் திறக்கும் வசதி கிடையாது. ஆகவே ஜாமைப் பற்றிய என் ஞானம் முழுவதும் புகார்களில் இருந்துதான் வந்தது.

ஒரு துரைசானி வீட்டுச் சமையல்காரர், ஜாம் ரொட்டியில் நிற்காமல் வழிந்து மேசைத்துணியைக் கெடுத்துவிட்டது என்று பாதி டின்னைத் திருப்பிக் கொண்டுவந்தார். நல்ல ஜாம் வழியாது என்று தெரிந்துகொண்டேன். இன்னொருவர், பழமெல்லாம் மேலே மிதக்கிறது, அடியில் வெறும் பாகு என்றார். பழமும் பாகும் பிரியக் கூடாது என்று மனசில் குறித்துக்கொண்டேன். மற்றொருவர், பல்லில் மணல்போலக் கடிபடுகிறது என்றார். சர்க்கரை பூத்த ஜாம் ஆகாது. ஒருவர் ஒன்றுமே சொல்லாமல் நாக்கை நீட்டிக் காட்டினார். கோவில் கொடிபோலச் சிவந்திருந்தது. சாயம் போட்ட ஜாமும் ஆகாது. இத்தனையும் சேர்த்து நானே ஒரு பரீட்சை கண்டுபிடித்தேன். டின்னைக் காதருகே வைத்து மூன்று தடவை குலுக்குவேன். சத்தம் வந்தால் உள்ளே பாகு ஓடுகிறது, மட்டம். சத்தமே இல்லையென்றால் இறுகி நிற்கிறது, உயர்ந்த சரக்கு. டாக்டர் மார்பில் குழாய் வைத்துக் கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்வேன். வாங்க வந்தவர்களும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். இங்கிலீஷ் எழுத்துள்ள சாமான் வைத்திருப்பவனுக்குத் தலை இருக்காது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். முதலாளி குடும்பத்தைப் பத்திரமாகப் புக்கிட் ரம்பாயில் விட்டுவரப் போயிருந்தார். கடையையும் அவருடைய தலையையும் காப்பாற்றும் பொறுப்பு என்னுடையது என்று நானாகவே முடிவு செய்தேன். வெந்நீர் வைத்தேன்.

அவர் திரும்பி வந்து அலமாரியைப் பார்த்தார்.

"என்னப்பா இது, எல்லாம் மொட்டையா நிக்குது?"

"ஒரு இங்கிலீஷ் எழுத்துகூடக் கெடையாது முதலாளி. யாரு வந்தாலும் பயமில்ல."

"சரி. இதுல மத்தி மீன் எது, பால் எது, ஜாம் எது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இருந்தாலும் விடாமல் ஒரு டின்னை எடுத்துக் காதருகே கொண்டுபோனேன்.

"குலுக்காதே," என்றார். "அப்புறம் நான் உன்னைக் குலுக்குவேன்."

இரண்டு நாள் கழித்து வாள் கட்டிய ஒருவன் நாலு சிப்பாய்களோடு வந்தான். குனிந்து வணங்கினேன். ஒரு டின்னைக் காட்டி என்ன என்று கைஜாடையில் கேட்டான். தெரியாது என்று கைவிரித்தேன். ஓர் அறை. என்னையே திறக்கச் சொன்னான். உள்ளே அன்னாசி. நம்மூர்த் தோட்டத்தில் காலில் இடறும் அன்னாசியை டின்னில் கண்டதும் இன்னோர் அறை. லேபிள் இருந்தால் அவன் அடித்திருக்கவே மாட்டான் என்பது அப்புறம் தெரிந்தது. அவர்கள் தேடி வந்ததே இங்கிலீஷ் சாமான்தான். பக்கத்துக் கடைகளில் எழுத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தபடி அள்ளிக்கொண்டு போனார்களாம். எங்கள் கடையில் மட்டும் முறைத்தபடி அள்ளினார்கள். நசுங்கிய டின்களை விட்டுவிட்டுப் போனார்கள். முதலாளி அவற்றை ஒரு சாக்கில் போட்டு என்னிடம் நீட்டினார்.

"நீ உரிச்சது. நீயே வச்சுத் தின்னு."

காஜா பெராங்கில் நான் குடியிருந்த அறைக்கு அடுத்தது ஒரு மலாக்காச் செட்டி வீடு. தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள். சாமி நம் சாமி, பேச்சு மலாய். அந்த வீட்டு அண்ணன் மட்டும் ஒரு தோட்ட பங்களாவில் பட்லராக இருந்ததால், அங்கே வேலை செய்தவர்களிடம் கொஞ்சம் தமிழ் பிடித்து வைத்திருந்தார். யுத்தத்துக்கு முன்பு என் ஜாம் பிரசங்கத்தைச் சிரிக்காமல் கேட்ட ஒரே மனிதர் அவர்தான். சிரிக்காததற்குக் காரணம் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

மேலெழுத்துப் போன அந்த டின்களால் எனக்கு ஒரு லாபமும் இருந்தது. திறக்காத டின் எதுவாகவும் இருக்கலாம். பால் வேண்டியவருக்கு அது பால். மீன் வேண்டியவருக்கு மீன். மரவள்ளிக்கிழங்குக்கு ஒன்று, தேங்காயெண்ணெய்க்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டே வந்தேன். மாற்றிய மறுநாள் அந்தத் தெருப்பக்கம் போகமாட்டேன். மூன்றாம் வருஷம் ஒரே அளவில் இரண்டு டின்கள் மிஞ்சின.

அப்போதுதான் அண்ணன் திரும்பி வந்தார். சயாம் ரயில் பாதை வேலைக்கென்று ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போனவர். காய்ச்சல் கண்டு, எப்படியோ தப்பி, யார் யாருடைய மாட்டுவண்டியிலோ வந்து சேர்ந்தார். வண்டியிலிருந்து இறக்கும்போது ஒரு கை பிடித்தேன். சுருட்டிய பாயைத் தூக்குவதுபோல இருந்தது. பாயாவது வெயிட்டாக இருக்கும்.

எதைக் கொடுத்தாலும் வாந்தி. மரவள்ளிக்கஞ்சி நிற்கவில்லை. கருப்பட்டி கரைத்துக் கொடுத்தார்கள், குமட்டிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வந்து பார்த்துவிட்டுக் கையைப் பிசைந்தார். மருந்து இல்லை, எதையாவது இந்த மனிதர் வயிற்றில் நிற்க வைத்தால் பிழைப்பார், இல்லாவிட்டால் இந்த வாரம் தாங்காது என்றார். எதுதான் வேண்டும் என்று மனைவி அண்ணனின் காதருகே குனிந்து கேட்டிருக்கிறார். "ஜாம்" என்றாராம்.

மத்தியான வெயிலில் அந்த அம்மா என் வாசலுக்கு வந்து நின்றார். கையில் மடித்த பாத்தேக் சாரோங், பூப்போட்ட கைலி. கல்யாணத்துக்குக் கட்டியது.

"அபாங்," என்று மலாயில் அண்ணன் என்று கூப்பிட்டுத்தான் எப்போதும் பேசுவார். நான் தமிழில் எழுதுகிறேன். "உங்ககிட்ட டின்னு இருக்குன்னு சொல்றாங்க. ஜாம் இருக்குமா?"

அந்தக் காலத்தில் ஊரில் துணியே கிடையாது. நான் அரிசிச் சாக்கில் தைத்த கால்சட்டை போட்டிருந்தேன். பின்பக்கத்தில் ரங்கூன் அரிசி ஆலையின் முத்திரை. சாரோங்கை வேண்டாம் என்று மறுத்தேன் என்று எழுத இப்போது ஆசையாகத்தான் இருக்கிறது. வாங்கிக்கொண்டேன்.

பிறகு இரண்டு டின்களையும் எடுத்தேன். முதல் டின்னைக் குலுக்கினேன். உள்ளே சளக், சளக் என்றது. இரண்டாவதைக் குலுக்கினேன். சத்தமே இல்லை.

"தங்கச்சி, இது தண்ணியாட்டம் ஆடுது. ஜாமா இருந்தாலும் மட்டமான ஜாம். இது பாருங்க, மூச்சு விடல. அசல் சரக்கு. கொண்டுபோய் குடுங்க."

பழைய நாள் திரும்பி வந்தது போல இருந்தது எனக்கு. அந்த அம்மாவும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் கேட்டார். டின்னை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஓடினார்.

நான் சாரோங்கைக் கட்டி அழகு பார்த்துக்கொண்டிருந்தபோது திரும்பி வந்தார். வேகமாக வரவில்லை. திறந்த டின் கையில் இருந்தது. முகத்தில் கோபமில்லை. கோபமிருந்தால் தேவலை என்று நினைக்கும்படி இருந்தது அந்த முகம்.

"அபாங், சாகக் கெடக்கிறவருக்கு சவுக்காரமா குடுத்தீங்க?"

எட்டிப் பார்த்தேன். மஞ்சளாக, வழுவழுவென்று, டின்னின் வடிவிலேயே ஒரு கட்டி. சவர்க்காரம்தான், சந்தேகமே இல்லை. சவர்க்காரத்தை எவன் டின்னில் அடைத்தான் என்று யோசித்தபடி, பக்கத்தில் இருந்த வாளித் தண்ணீரில் கையை நனைத்து அதன்மேல் தேய்த்துப் பார்த்தேன். நுரை வரவில்லை. கை பிசுபிசுத்தது. ஒரு நாற்றம் கிளம்பியது. மழையில் நனைந்த பூட்ஸைப் போல.

"வாயில வச்சாரா?"

"ஒரு துண்டு. அதோட, காலையில குடிச்ச தண்ணியும் வெளிய வந்துடுச்சு. இப்ப கண்ணத் தொறக்க மாட்டேங்கறாரு."

ஓடினேன். அண்ணன் பாயில் சுவரைப் பார்த்துக் கிடந்தார். உதடு வெடித்திருந்தது. என் நிழல் தட்டியதும் கண்ணைத் திறக்காமலேயே ஒரு வார்த்தை சொன்னார்.

"கேஜு."

மலாயில் பாலாடைக்கட்டி. பங்களாவில் அவர் கையாலேயே எத்தனையோ தடவை நறுக்கி வைத்த சாமான். எட்டு வருஷம் நானும் அதை விற்றிருக்கிறேன். இறுகி நிற்கும், ஓடாது, பிரியாது, சத்தம் போடாது. என் சட்டப்படி உலகத்திலேயே உயர்ந்த ஜாம் அதுதான்.

திரும்ப அறைக்கு ஓடி மற்ற டின்னை எடுத்து வந்தேன். பாராங் கத்தியால் குத்தித் திறந்தேன். அவசரத்தில் விரலிலும் பட்டது. மேலே கருஞ்சிவப்பாக ஒரு தண்ணீர். அதற்கடியில் சுருங்கிய தோல்களும் தொய்ந்த பழமும். பழம் வேறு, பாகு வேறு. புகார்ப் பட்டியலில் இருந்த அத்தனையும் ஒரே டின்னில். என்ன பழம் என்றுகூடத் தெரியவில்லை. இதைக் கொடுப்பதா என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது.

"தங்கச்சி, இது மூணாந்தரம். ஜாமுன்னா இப்படித் தண்ணி விடக் கூடாது. நல்ல ஜாம்னா..."

அந்த அம்மா டின்னைப் பிடுங்கினார். மேலே நின்ற தண்ணீரை ஒரு கரண்டி எடுத்து அண்ணனின் உதட்டில் விட்டார். தொண்டை அசைந்தது. நாங்கள் இருவரும் வாந்தி எடுக்கும் சட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். வெளியே யாரோ மரவள்ளிக்கிழங்கு உரலில் இடிக்கும் சத்தம். பத்து இடி, இருபது இடி. வரவில்லை. இரண்டாவது கரண்டி. அதுவும் வரவில்லை. மூன்றாவதுக்கு அவரே வாயைத் திறந்தார். அந்த அம்மா அப்போதுதான் அழுதார், சத்தமில்லாமல், கரண்டியைச் சாய்க்காமல்.

என்ன செய்வதென்று தெரியாமல் நான் மூடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து வாயில் வைத்தேன். தூக்கிவாரிப் போட்டது. புளிப்பு! எட்டு வருஷம் எத்தனை பேரிடம் "தேனாட்டம் இனிக்கும், துரை" என்று சொல்லியிருப்பேன். இனிப்பு முதலில் வந்தது. அதன் முதுகிலேயே புளிப்பு வந்து நாக்கின் ஓரத்தைக் கிள்ளியது. பிறகு தோலில் இருந்து ஒரு துவர்ப்பு. அதற்கும் பிறகுதான் பழத்தின் ருசி, எங்கோ தூரத்தில் குளிரில் விளைந்த ஒரு பழம். கருப்பட்டித் தண்ணீர் நிற்காத வயிற்றில் இது ஏன் நின்றது என்று நாக்குக்குப் புரிந்தது. வெறும் இனிப்பு குமட்டும். புளிப்புக் கலந்த இனிப்புதான் எச்சிலை ஊறவைத்து, இன்னும் கொஞ்சம் கொண்டா என்று கேட்கும். ஒரு புகார்கூட இதை எனக்குச் சொல்லித்தந்ததில்லை. ருசி நன்றாக இருந்த டின்னை எவன் திருப்பிக் கொண்டுவருவான்?

சாரோங்கை அன்று சாயந்திரமே திருப்பிக் கொடுத்தேன். அதில் பெரிய மனசெல்லாம் இல்லை. அதைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டு வாசலைத் தாண்டித்தான் நான் கடைக்குப் போகவேண்டும்.

ஜாம் பல நாளுக்குத் தாங்கியது, தண்ணீரில் கலக்கிக் கலக்கி. பிறகு கஞ்சி நின்றது. பிறகு சின்ன மீன். ஒரு காலையில் அண்ணன் சுவரைப் பிடித்தபடி வாசல்வரை வந்து படியில் உட்கார்ந்தார். மடியில் அந்த டின். பழத்தோல் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். லேபிள் உரித்த கதையை, அறை வாங்கியதை, குலுக்கிய பரீட்சையை, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தேன். சுரண்டிக்கொண்டே இருந்தார்.

"அந்த டின்னுல தண்ணி பிரிஞ்சிருந்துச்சே அண்ணே, அது கெட்டுப்போன ஜாம்தானே?"

"இந்தச் சூட்டுல எல்லா ஜாமும் தண்ணி விடும். கரண்டி போட்டுக் கலக்கினா சேர்ந்துக்கும். பங்களாவுல தெனமும் கலக்கித்தான் மேசைக்கு வைப்பேன்."

"அப்ப இத்தன வருஷம் நான் சொன்னதெல்லாம்?"

அவர் அப்போதும் சிரிக்காமல் டின்னைச் சாய்த்து உள்ளே பார்த்தார். மரியாதை என்று இந்தத் தடவை நான் நினைக்கவில்லை. இனி யாருக்கும் பிரசங்கம் செய்வதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். ஆனால் சண்டை முடிந்து கப்பல் வந்து அலமாரி மறுபடியும் நிறைந்தால் சொல்வதற்கு ஏதாவது வேண்டுமே என்ற நப்பாசையும் இருந்தது.

"அண்ணே, நீங்க மேசைக்கு வச்சவரு, சாப்பிட்டவரு. நீங்களே சொல்லுங்க. கடையில வாங்குற ஜாம் நல்ல ஜாமா இருக்கணும்னா என்ன இருக்கணும்?"

அவர் கரண்டியை நக்கி டின்னுக்குள் போட்டார்.

"மேல லேபிள் இருக்கணும்."