நகலில் பிழைத்தவள்

வெள்ளியங்கிரியின் கதைகளைப் பத்திரிகைக்காரர்களால் படிக்க முடிந்ததற்குக் காரணம் அவர் மனைவி ராமாமணி. அவருடைய கையெழுத்து கோழி கிளறிய குப்பை. மணமாகிக் கணபதி என்ற ஊருக்கு வந்த நாள்முதல், அவர் எழுதியதைத் திருத்தமாகப் படியெடுத்து, உறையிலிட்டு, அஞ்சலில் சேர்ப்பது அவள் வேலை. படியெடுத்ததை அவர் திரும்பப் பார்ப்பதில்லை. கட்டினவளைச் சந்தேகப்படுவதா என்பார், பெருமையாக.

கதைகள் பல, முடிவு ஒன்றே. புகுந்த வீட்டை எதிர்த்துப் படிதாண்டும் பெண் கிணற்றில் விழுவாள். பிறகு அவ்வீட்டார் அவளைத் தெய்வமாக்கி, ஆடிதோறும் புதுச்சேலை வைத்துக் கும்பிடுவார்கள். வாசகர்கள் கண்ணீர் விட்டார்கள்.

அந்தக் கிணறு சூலூருக்குப் பக்கத்தில் மெய்யாகவே இருந்தது. விழுந்தவள் ராமாமணியின் அக்காள் செல்லாத்தாள். டீச்சர் வேலைக்குப் போக ஆசைப்பட்டு, அதற்காக அடிபட்டு, பிறந்த வீட்டுக்கு ஓடி வந்தவளை, ‘பொம்பளை பொறுத்துப் போகோணும்’ என்று பெரியவர்கள் திருப்பியனுப்பினார்கள். மணமான புதிதில் ராமாமணி இதை அழுதுகொண்டே சொன்னாள், வெள்ளியங்கிரி கதையாக்கினார், பரிசு கிடைத்தது. செல்லாத்தாளுக்கு இன்றும் புகுந்த வீட்டில் சேலை வைக்கிறார்கள். உயிரோடிருந்தபோது அவள் கேட்டது சேலையல்ல.

படியெடுக்கும் கதையில் ஒருத்தி கிணற்றை நெருங்கும்போதெல்லாம் ராமாமணியின் அறையில் பாசி வாடை எழும். நனைந்த சேலை தரையில் இழுபடும் ஓசை, அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கும். அவள் திரும்பிப் பார்த்ததில்லை. ஒவ்வொரு முறையும் அக்காளைத் தன் கையாலேயே தள்ளிவிட்டு, முற்றுப்புள்ளி வைத்து, சமையலறைக்குப் போய்விடுவாள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆடியில் கை நகர மறுத்தது. கதைப்பெண் பாவாத்தாள் கிணற்று மேட்டில் நின்றுகொண்டிருந்தாள். கணவர் எழுதிய கடைசிப் பக்கத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு ராமாமணி எழுதினாள்: பாவாத்தாள் கிணற்றைச் சுற்றிக்கொண்டு சாலைக்குப் போனாள், போத்தனூர் வந்து ரயிலேறினாள். அன்றே அஞ்சலில் சேர்த்தும் விட்டாள்.

இதழைப் பார்த்து வெள்ளியங்கிரி கொதித்தார்.

“யாரைக் கேட்டு மாத்துனே?”

“கேட்டிருந்தா உட்டிருப்பீங்களாக்கும்?”

“என் கதையக் கொன்னுபோட்டயே அம்மணி!”

“நீங்க கொன்னதையெல்லாம் நான் பாத்துட்டுத்தானுங்க இருந்தேன்.”

பாராட்டுகள் வரத் தொடங்கியதும் கோபம் அடங்கியது. காலத்தோடு மாறிய எழுத்தாளர் என்று ஓர் இலக்கிய மன்றம் அவரை அழைத்தது; கதைகளில் மாறிவரும் பெண்ணைப் பற்றிப் பேச வேண்டும். “முடிவு உன்னுதுன்னு அங்க வாயத் தொறந்துபோடாதே,” என்றார். ராமாமணி இரண்டையும் எண்ணிப் பார்த்தாள். சொன்னால் அவர் மரியாதை போகும். சொல்லாவிட்டால், தப்பிப் போன ஒருத்தியும் அவருடையவளாகிவிடுவாள்.

மன்றத்தில் சண்முகப்ரியா என்ற கல்லூரி மாணவி எழுந்தாள். “ரயிலேறிப் பாவாத்தாள் எங்கீங்க போனா?”

வெள்ளியங்கிரி செருமினார். “அது வாசகர் கற்பனைக்கு...”

“கெணத்துல எத்தனை படின்னு எழுதற நீங்க, டிக்கெட் எந்த ஊருக்குன்னு எழுதலீங்களே ஐயா?”

அரங்கு சிரித்தது. அவர் கண்கள் பெண்கள் வரிசையைத் தேடின. ராமாமணி எழுந்து நின்றாள்.

“அந்த முடிவு நான் எழுதுனதுங்க. எங்க போனான்னு எனக்குந் தெரியாது. எங்க ஊட்டுல கெணத்துக்கு மட்டுந்தான் வழி தெரியும்.” கணவரைப் பார்த்தாள். “அவரு எழுதுனதுதான் நடந்ததுங்க. நான் எழுதுனது பொய். அந்தப் பொய்ய எழுதறதுக்கு எனக்கு இத்தனை வருசமாச்சு.”

எவரும் கைதட்டவில்லை. வெள்ளியங்கிரி தமக்குப் போட்டிருந்த மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

திரும்பும்போது பேருந்தில் நல்ல கூட்டம். அவர் பின்வாசலில் ஏறிக்கொண்டார். முன்புறம் பெண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். ஆயினும் ராமாமணிக்குப் பக்கத்து இருக்கையில் மட்டும் எவரும் உட்காரவில்லை; ஏன் உட்காரவில்லை என்று யாரும் யோசித்ததாகவும் தெரியவில்லை. பாசி வாடை எழுந்தது; அவள் சன்னலோரம் ஒதுங்கி இன்னும் கொஞ்சம் இடம் விட்டாள்.

“கணபதி ரெண்டு,” என்றாள் நடத்துநரிடம்.

“கூட வந்த ஐயா அவருக்கு எடுத்துட்டாருங்களே.”

“அவருக்கு இல்லீங்க.”