பதறிய விரலுக்கு ஒரு விசை

என் விரல்கள் என் பேச்சைக் கேட்பதில்லை. தட்டச்சில் தப்பு வந்தால் கன்ட்ரோல் இசட் அழுத்திச் சரிசெய்வது அவற்றின் பழக்கம். அந்தப் பழக்கம் என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

குழந்தை பிறந்தபின் சில வருடம் வீட்டிலிருந்துவிட்டு, பாரிஸ் பதிப்பகங்களுக்குப் புத்தகப் பக்கங்கள் தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில் பிரெஞ்சுப் பிழைதிருத்தச் சேர்ந்திருந்தேன். வீடு இருக்கும் குருசுக்குப்பத்திலிருந்து சைக்கிளிலேயே போய்விடலாம். ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அங்கே கணினிகளில் விண்டோஸ் கிடையாது, லினக்ஸ்தான்; ஷெல் என்கிற கருப்புத் திரையில் கட்டளை அடித்துத்தான் எதையும் திறக்க வேண்டும்.

சாயங்காலம் பாரிஸுக்குப் போக வேண்டிய அத்தியாயத்தைக் காலையிலிருந்து திருத்திக்கொண்டிருந்தேன், சேமிக்காமல். ஒரு வரி தவறி அழிந்தது. கை தன்னால் கன்ட்ரோல் இசட்டுக்குப் போனது. அத்தியாயமே மறைந்து வெறும் கட்டளை வரி நின்றது. மறுபடி அழுத்தினேன். பைத்தியம் மாதிரி அழுத்திக்கொண்டே இருந்தேன். வேலை போச்சு என்று கண்ணில் நீர் முட்டியது. அந்தக் கருப்புத் திரையை மூடிவிட்டு முதலிலிருந்து தொடங்க மவுஸைப் பிடித்தேன்.

பக்கத்து இருக்கைப் பெண், பிள்ளைச்சாவடிக்காரி, என் கையைப் பிடித்தாள். “மூடிடாதக்கா. அது எங்கயும் போவல, நிறுத்தி வச்சிருக்கு, அவ்ளோதான். எஃப்ஜின்னு அடிச்சி எண்டர் தட்டு, திரும்ப முன்னால வந்துடும்.”

தட்டினேன். விட்ட இடத்திலேயே அத்தியாயம் வந்து நின்றது. அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது, முதலில் சேமித்தேன்.

விண்டோஸில் தப்பைத் திருத்துகிற விசை, இங்கே ஓடுகிற வேலையை நிறுத்தி ஓரமாக வைத்துவிடுமாம். இனி அதைத் தொடாதே என்றாள். தொடாமல் இருக்கிற விரலா என்னுடையது? மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எந்த விசைக்கு என்ன வேலை என்று மாற்றி எழுத, ஷெல்லின் அமைப்புக் கோப்பைத் திறந்தேன். பதறினால் என் விரல் அதே விசையைத்தான் மறுபடி அழுத்தும். அதுவே மருந்தாக இருந்துவிட்டுப் போகட்டும். கட்டளை வரியில் கன்ட்ரோல் இசட் அழுத்தினால் எஃப்ஜி ஓட வேண்டும் என்று எழுதினேன். தப்புத் தப்பாக எழுதி, சோறு ஆறிப்போன பிறகுதான் ஷெல் ஒத்துக்கொண்டது.

அன்று மத்தியானமே கை மறந்தது. பக்கம் மறைந்தது, விரல் மறுபடி அழுத்தியது, பக்கம் வந்துவிட்டது. திரும்பினால் நாற்காலிக்குப் பின்னால் மேலாளர்.

“முடிஞ்சிடுமாம்மா இன்னிக்கி?” என்றார்.

முடிந்துவிடும் சார் என்றேன். குரல் நடுங்கவில்லை.